நடுவில் இடம் இருக்கிறது

உலகத்தில் அன்பு என்று ஒன்று கிடையவே கிடையாது என்ற முடிவைத் தம்பி ஒரு காலை வேளையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அறிவித்தான்.

"அன்பு, பாசம், தாய்மை, காதல், பஸ் ஸ்டாப்ல ஒருத்திக்காக மழையில நிக்கிறது, எல்லாமே ஒம்போது அமினோ அமிலம். அவ்வளவுதான். அதுக்குப் பேரு ஆக்சிடோசின். மூளைக்கு அடியில சுரக்குது, ரத்தத்துல எறங்குது, வேலைய முடிச்சுட்டுக் கரைஞ்சு போயிடுது. மத்ததெல்லாம் நம்மளா சேத்துக்கிட்ட மசாலா."

வாய் நிறைய நுரை இருந்ததால் கடைசி வரியின் கம்பீரம் கொஞ்சம் அடிபட்டது. அதை அவன் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் ஆண்டு உடலியல் மாணவன். இதைவிடப் பெரிய உண்மைகளை அவன் இதைவிட மோசமான நிலையில் நின்று சொல்லியிருக்கிறான்.

கேட்பதற்கு அங்கே இருந்தவர்கள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா, அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, கொட்டகையில் நின்ற பசு. எல்லோரும் பாலூட்டிகள் என்பதால் சம்பந்தப்பட்டவர்கள்தான். பசு மட்டும் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

"வாயக் கொப்புளிச்சுட்டுப் பேசுடா, விஞ்ஞானி" என்றாள் அக்கா.

அவளுக்கு அந்த நாட்களில் எல்லாமே கொஞ்சம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல்தான் இருந்தது. புருஷன் கப்பலில். பிறந்த வீட்டில், பிறந்த குழந்தையோடு அவள். குழந்தை தூங்கும்போது தூங்கி, அழும்போது விழித்து, பகல் எது ராத்திரி எது என்ற கணக்கு எப்போதோ கையை விட்டுப் போயிருந்தது. தூக்கம் துணுக்குத் துணுக்காகத்தான் கிடைத்தது. அந்தத் துணுக்குகளுக்கு நடுவே ஜன்னல் வழியாகக் கொட்டகை தெரியும்: தகரக் கூரை, சிமெண்டுத் தொட்டி, அதன் மேல் எப்போதும் ஈரமாகத் தொங்கும் ஒரு துணி, பசுவின் அகலமான முதுகு. அதற்கப்பால் டயர்க்கடையின் பின்சுவர். டயர்க்கடையில் வேலை தொடங்கிவிட்டால் சுவர் சூடேறும், ரப்பர் வாசனை வரும். அதற்கு முன்னால், விடியலில், வைக்கோல் வாசனையும் அப்பாவின் குரலும்.

அந்தக் குரலுக்காகத்தான் இப்போது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வேலைக்காலம் முழுக்க நெரிசலுக்கு நடுவே நின்று கத்திய தொண்டை அது. பென்ஷன் வந்ததும் எல்லோரும் நாற்காலி வாங்கிப் போட்டு உட்காருவார்கள். இவர் ஒரு பசுவை வாங்கினார். வந்த இடத்தில் அது கன்று போட்டது, கன்று ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பசு பாலை அடக்கிக்கொண்டு நின்றது. யார் கை வைத்தாலும் இரண்டு பீச்சு, அதற்கு மேல் சொட்டு இல்லை. அப்பா முக்காலியைப் போட்டு அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தார். சும்மா உட்கார அவருக்கு வராது. பேசினார். பஸ்ஸில் பேசியதையே பேசினார். "மேடம், கொஞ்சம் முன்னால போங்க, நடுவுல எடம் நெறைய இருக்கு." பசு ஒரு அடி முன்னால் நகர்ந்தது. பிறகு தெருவில் நடந்த கதையெல்லாம் சொன்னார். அன்று பால் இறங்கியது.

அன்றிலிருந்து பசுவுக்கு மேடம் என்று பெயர். அன்றிலிருந்து விடியலில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை செய்தி வாசிப்பு.

"மேடம், கேட்டீங்களா. டயர்க்கடைக்காரர் மீசைய எடுத்துட்டார். இப்ப மூஞ்சி முழுசாத் தெரியுது. பாவம், தெரியாமலே இருந்திருக்கலாம்... மூணாவது வீட்டம்மா புது மிக்ஸி வாங்கியிருக்காங்க. சத்தத்தப் பார்த்தா ஹெலிகாப்டர் வாங்கிட்டாங்களோன்னு இருக்கு... ஆச்சு, ஆச்சு, இன்னும் ஒரு ஸ்டாப்புதான்..."

அக்கா பாதித் தூக்கத்தில் இதைக் கேட்டபடி குழந்தைக்குப் பால் கொடுப்பாள். பால் பாத்திரத்தில் விழும் ஓசையும் அந்தப் பேச்சும் ஒன்றாகக் கலந்து வரும். பேசுவது அப்பாவா, பாலா என்றே சில நேரம் தெரியாது.

தம்பி இதற்கு வைத்த பெயர் 'கண்டக்டர் வானொலி'. போன வருடம் கல்லூரி ஆண்டு விழாவில் மேடையேறி, அப்பாவின் காக்கிச் சட்டையைப் போலவே ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரு பெஞ்சைப் பசுவாக வைத்து, அந்தச் செய்தி வாசிப்பை அப்படியே செய்து காட்டினான். குரல், இருமல், இழுப்பு, நிறுத்தம், ஒன்று பிசகவில்லை. அரங்கம் உருண்டு புரண்டது. முதல் பரிசு. வீட்டில் பரிசைக் காட்டியபோது பேச்சுப்போட்டி என்றான். உண்மை அக்காவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது அப்பாவின் தொண்டையில் இருந்த சின்ன முடிச்சுகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். "அடுத்த செக்கப் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். புண்ணு ஆறுறதுக்கு முன்னாடி பேசினீங்கன்னா அப்புறம் குரலே இருக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர்.

அப்பா கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேச்சுக்குப் பதில் தட்டல். பஸ் தகரத்தில் தட்டுகிற அதே கணக்கு: ஒரு தட்டு என்றால் நில், வேண்டாம். இரண்டு தட்டு என்றால் போகலாம். டம்ளரிலும் கதவிலும் அம்மாவின் சமையல் மேடையிலும் வீடு முழுக்க டக், டக்டக்.

மறுநாள் விடியலில் பாத்திரத்தோடு கொட்டகைக்குப் போனார். அதே கை, அதே முக்காலி, அதே நெற்றி. பீச்சு பாத்திரத்தின் அடியில் கணீர் கணீர் என்று விழுந்தது. அப்புறம் நின்றது. மேடம் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது. காதை முன்னால் நீட்டிக் காத்திருந்தது. அப்பா வாயைத் திறந்தார், மூடினார். கையால் அதன் வயிற்றைத் தடவினார். மேடம் தொடர்ந்து காத்திருந்தது. பஸ் வரும் என்று தெரிந்தவர்கள் நிற்கிற மாதிரி ஒரு நிற்பு.

அந்தியிலும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

"மடியத் தொட்டுப் பாரு, கல்லாட்டம் இருக்கு" என்றாள் அம்மா. "இப்படியே விட்டா கட்டிக்கிட்டுச் சீழ் வெச்சிடும். அதுவும் ஒரு பொம்பளதானே. அந்த வலி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அக்காவுக்குத் தெரியும். ஒரு வேளை குழந்தை குடிக்காமல் தூங்கிவிட்டாலே அவளுக்கு நெஞ்சு பாறையாகிவிடும்.

அன்று அந்தியில் அப்பா மப்ளரை இறக்கிவிட்டு, மேடத்தின் காதுக்குப் பக்கத்தில் போய் நின்று, "மே..." என்று ஆரம்பித்தார். துருப்பிடித்த கதவு நகர்வதுபோல் ஒரு சத்தம் வந்தது. தவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினாள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? மாடு போனா இன்னொண்ணு வாங்கலாம். தொண்ட போனா எங்க போய் வாங்குறது?"

தவிட்டுக் கை முகத்தில் அப்பியிருக்க, அப்பா தொட்டியில் ஒரு தட்டு தட்டினார். வேண்டாம் என்றார். எது வேண்டாம் என்று யாருக்கும் புரியவில்லை.

தம்பி களத்தில் இறங்கினான்.

"இது ரொம்பச் சாதாரணமான பிரச்சினை. நீங்க எல்லாரும் உணர்ச்சிவசப்படுறீங்க" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்கினான். "பால் மடியில இருக்கு. குட்டிக் குட்டிப் பையில அடைஞ்சு கெடக்கு. அந்தப் பைய நசுக்கிவிடணும்னா ஆக்சிடோசின் வேணும். மூளை அத எப்ப விடும்? கன்னு முட்டுனா விடும். அது இல்லன்னா பழகுன ஏதோ ஒண்ண உணர்ந்தா விடும். பாத்திரச் சத்தம், ஆள் வாசனை, அந்த மாதிரி. பயந்தா விடாது, குறுக்க வேற ஹார்மோன் வந்து நிக்கும். ஆக, பழகுன ஒண்ணு இப்ப விட்டுப்போயிருக்கு. அது என்னன்னு ஒவ்வொண்ணா சோதிச்சா முடிஞ்சுது."

"அது என்னன்னு கொட்டகையில இருக்குற கொசுவுக்குக்கூடத் தெரியும்டா" என்றாள் அக்கா.

"அது உன் ஊகம். எனக்கு நிரூபணம் வேணும்."

ஆஸ்பத்திரி சோப்பு வாசனைதான் காரணம் என்று, அப்பாவைப் பழைய சோப்பில் குளிக்க வைத்தான். இல்லை. அப்பாவுக்குப் பழைய காக்கிச் சட்டையை மாட்டிவிட்டான். மேடம் சட்டையை மோந்தது, நாக்கால் பொத்தானை நக்கியது, ஆவலாக நிமிர்ந்தது, காத்திருந்தது. இல்லை. கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்து ஊதினான். மேடம் துள்ளி உதைத்ததில் பாத்திரம் டயர்க்கடைச் சுவரில் போய் மோதியது. அந்தப் பக்கத்திலிருந்து, "கண்டக்டரே, ஸ்டாப் வந்துடுச்சா?" என்று குரல் வந்தது.

கடைசியில், பேச்சும் ஒரு காரணியாக இருக்கலாம் என்று பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டான்.

"அதுக்கு யாரும் பேச வேண்டியதில்ல. ஒலி அலைதானே. போன்ல அப்பா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் ஏகப்பட்டது இருக்கு."

போனைத் தொட்டி விளிம்பில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். அப்பா முக்காலியில் உட்கார்ந்து காம்பைப் பிடித்துத் தயாரானார்.

"டேய், எங்க இருக்க? மணி என்னாச்சு? வீடுன்னு ஒண்ணு இருக்குறது ஞாபகம் இருக்கா?"

மேடம் காதை மடக்கியது. தம்பி அடுத்ததைப் போட்டான். "பீஸ் கட்டக் கடைசி நாள் நேத்தோட முடிஞ்சிருச்சாமே? இத எனக்குச் சொல்லணும்னு தோணலையா தொரைக்கு?" அதற்கு அடுத்தது: "உன் செருப்ப வாசல்ல இப்படிப் பரப்பி வெச்சா நான் பறந்தா வர்றது?" அவன் விரல் வேகவேகமாகத் தள்ளிக்கொண்டே போனது. மேலே, இன்னும் மேலே, போன வருடம் வரைக்கும். ஒன்றில்கூட அப்பா மெதுவாகப் பேசவில்லை. மெதுவான பேச்செல்லாம் கொட்டகையிலேயே செலவாகியிருந்தது.

மேடம் போனையும் முக்காலியில் இருக்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்து, கயிற்றை இழுத்துக்கொண்டு மூலைக்கு ஒதுங்கியது. அப்பா குனிந்தபடியே இருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. தம்பி போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஸ்பீக்கர் சரியில்ல" என்றான்.

மறுநாள் காலை பால் வேன்காரர் வந்தார். காலி கேனைப் பார்த்தார், மேடத்தின் மடியைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு மருந்துக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"கண்டக்டரே, இதப் போடுங்க. போட்ட கொஞ்ச நேரத்துல குழாயத் தொறந்து விட்ட மாதிரி வரும். வெளிய சொல்லிக்காதீங்க, இத இப்படி விக்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா இந்த லைன்ல பாதி வீட்டுல இதான் ஓடுது."

தம்பி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவன் முகத்தில் பழைய சிநேகிதனைப் பார்த்த மலர்ச்சி. "அண்ணே, இது அதேதான்! அக்கா, இங்க பாரு, நான் சொன்ன ஒம்போதும் இதுக்குள்ள இருக்கு. மேடத்தோட மூளை செய்யுறத இது செய்யும். கத முடிஞ்சுது."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஜன்னல் கம்பிக்கு வந்தாள்.

"எனக்கும் அதத்தான் டிரிப்புல ஏத்துனாங்க, இவன் வெளிய வரமாட்டேன்னு அடம் பிடிச்சப்போ. வலி வந்துச்சு. பாலும் வரும்னு சொன்னாங்க. சரி, நான் ஒண்ணு கேக்குறேன். இவன என் நெஞ்சு மேல போட்டப்ப எனக்குள்ள என்னமோ ஆச்சே, ஒலகமே ஒரு நிமிஷம் நின்னு போச்சே, அதுவும் அந்த டிரிப்புதானா?"

தம்பி கொஞ்சம் தயங்கினான். பொய் சொல்லும் பழக்கம் உண்டு, ஆனால் பாடத்தில் பொய் சொல்லமாட்டான்.

"இல்ல. ஊசியில போறது ரத்தத்துலதான் சுத்தும். மூளைக்குள்ள அனேகமா போகாது. நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. மூளை தானா சுரந்தாதான் உள்ளயும் போகும், வெளியயும் வரும்."

"அப்ப இந்த ஊசியப் போட்டா மடி மட்டும் எறங்கும். மேடத்துக்கு ஒண்ணும் எறங்காது."

"...ஏறக்குறைய அப்படிச் சொல்லலாம்."

"பஸ்ஸ ஆளுங்க எறங்கித் தள்ளுற மாதிரி."

வேன்காரர் சிரித்துவிட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தம்பி கையிலிருந்த குப்பியை வாங்கி, வேன்காரரின் பையிலேயே திரும்பப் போட்டு, கேனில் ஒரு தட்டு தட்டினார். டக்.

"வேண்டாம்னா வேண்டாம்" என்றார் வேன்காரர். "ஆனா இன்னிக்கும் நாளைக்கும் எறங்கலன்னா மடி கெட்டுப்போயிடும் கண்டக்டரே. அப்புறம் ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்ல."

வேன் போனபின் அப்பா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். மேடத்தைக் காட்டினார். பிறகு கையை வீசினார், சில்லறை வேண்டாம் வைத்துக்கொள் என்பதுபோல. நாளை விடிந்ததும் பேசப் போகிறார். அம்மா திட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் தவிட்டுக் கூடையின் மேல் உட்கார்ந்து அழுதாள். அப்பா அவள் தோளில் இரண்டு தட்டு தட்டினார். போகலாம், ஒன்றும் ஆகாது.

அந்தியில் அக்கா தம்பியைக் கூப்பிட்டாள். குழந்தை உறங்கிவிட்டிருந்தது. சாம்பல் நிற வெளிச்சம் ஜன்னலில் தேங்கியிருந்தது.

"நீ பேசேன்டா."

"நானா? மாட்டுகிட்டயா? அக்கா, எனக்குன்னு ஒரு பேரு இருக்கு வெளிய."

"அந்தப் பேரே அதப் பேசித்தானே வாங்குன. ஒரு பெஞ்சுகிட்ட அவ்வளவு நேரம் பேசுன. அதுக்கு உசுரு கூடக் கிடையாது."

தம்பி கதவைப் பார்த்தான். குரலை இறக்கினான். "அப்பா பக்கத்துல உக்காந்திருப்பார்க்கா. நான் அவர மாதிரியே பேசுனா, இதை எப்ப, எதுக்குப் பழகுனேன்னு கேக்கமாட்டாரா?"

"அவரு எப்படிடா கேப்பாரு? அவருக்குத்தான் பேச்சே கெடையாதே."

அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான். அவன் அறையில் போனிலிருந்து மிக மெல்லிய சத்தத்தில் ஏதோ ஓடுவது கேட்டது. டேய், எங்க இருக்க. மறுபடியும், டேய், எங்க இருக்க. அக்கா அதைக் கனவு என்றே நினைத்துக்கொண்டாள்.

விடியலில் பனி இறங்கியிருந்தது. கொட்டகை பாதி கரைந்து, தகரக் கூரை மட்டும் அந்தரத்தில் நின்றது. அக்கா குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியும் மூடாமலும். அப்பா பாத்திரத்தோடு வெளியே வருவதைப் பார்த்தாள். கழுத்தில் மப்ளர் இல்லை. முக்காலியைப் போட்டார், உட்கார்ந்தார், நெற்றியைச் சாய்த்தார், மூச்சை இழுத்தார்.

"மேடம்! கொஞ்சம் முன்னால போங்க, நடுவுல எடம் நெறைய இருக்கு!"

அப்பாவின் குரல். அப்பாவின் இழுப்பு. அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். ஆனால் குரல் முக்காலியிலிருந்து வரவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம், மேடத்தின் முகத்துக்கு நேராக, போர்வையைப் போர்த்திக்கொண்டு தம்பி நின்றிருந்தான்.

அப்பாவின் முதுகு அசையவில்லை.

"கேட்டீங்களா, மேடம்! டயர்க்கடைக்காரர்..." மேடை நாளின் அதே ஏற்ற இறக்கம். மேடம் ஒரு அடி முன்னால் வந்தது, பழக்கதோஷம். காதை நீட்டியது. மோந்தது. குரல் கண்டக்டருடையது, மூச்சு வேறு யாருடையதோ. சந்தேகத்தோடு தலையைப் பின்னுக்கு இழுத்தது. பாத்திரத்தில் கணீர் என்று இரண்டு பீச்சு. அப்புறம் ஒன்றுமில்லை.

தம்பி நிறுத்தினான். பனியில் அவன் மூச்சும் மேடத்தின் மூச்சும் வெள்ளையாகக் கலந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவன் தன் சொந்தக் குரலில், கொஞ்சம் பிசிறடிக்கிற குரலில், மெதுவாக ஆரம்பித்தான்.

"மேடம்... உங்ககிட்ட யாரும் நியூஸ் சொல்லல. தப்புதான். கண்டக்டருக்குத் தொண்டையில ஆபரேஷன். அதான் பேசல. உங்க மேல கோவம் எல்லாம் ஒண்ணும் இல்ல... குரல் திரும்ப வரும்னு டாக்டர் சொல்றாரு. வராமலும் போகலாம்னும் சொல்றாரு. உள்ள கூட்டிட்டுப் போனப்ப நான் வராண்டாவுல உக்காந்திருந்தேன். போன்ல இருந்த திட்டு மொத்தத்தையும் கேட்டுட்டேன், ஒண்ணு விடாம. இதுதான் கடைசியா இருக்குமோன்னு நெனச்சு. திட்டா இருந்தாலும் பரவால்லன்னு இருந்துச்சு, மேடம்... கொஞ்சம் பொறாமையாவும் இருந்துச்சு. உங்களுக்கு மட்டும் எல்லாக் கதையும் சொல்வாரு..."

அவன் கை தன்னையறியாமல் மேடத்தின் நெற்றியில், கொம்புகளுக்கு நடுவே இருக்கிற சுழியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மேடம் கண்ணைப் பாதி மூடியது. அசைபோடத் தொடங்கியது.

அக்காவுக்கு முதலில் நெஞ்சில்தான் தெரிந்தது, குறுகுறுவென்று. குழந்தை குடிக்காத பக்கத்தில் ஜாக்கெட் நனைந்து சூடாகப் பரவியது. குழந்தை திணறி, விழுங்கி, மறுபடியும் கவ்வியது. பிறகுதான் காதில் விழுந்தது. கணீர் என்ற தகரச் சத்தம் மாறி, நுரைக்குள் நுரை விழுகிற கனத்த ஓசை. சர்ர், சர்ர். நிற்காமல்.

தம்பிக்கும் அது கேட்டது. கேட்டதும் வெட்கம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, வானத்தைப் பார்க்கிறவன்போல் கூரையைப் பார்த்தான்.

ஓசை மெலிந்தது. மேடம் கண்ணைத் திறந்தது.

பசுவின் வயிற்றோரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரை நுரை தெறித்த கை. பாத்திரத்தின் விளிம்பில் தட்டியது. டக், டக்.

தம்பி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். தொண்டையைச் செருமினான். யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பினான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் மேடம், அந்த மூணாவது வீட்டு மிக்ஸி இருக்கே..." என்றான்.